அடி அண்ணாமலையில் உனக்காக நின்றவர்கள்

சற்று முன் கரண்ட் போனது. சாயங்காலம் ஏழு மணி இருக்கும். ஜெராக்ஸ் மெஷின் பாதித் தாளை வாயில் கவ்வியபடி நின்றுவிட்டது. வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். என் கை மட்டும் மேசையில் போனைத் தேடியது. கரண்ட் போனால் உன் அழைப்பு வரும், எடுக்காவிட்டால் திட்டுவாய். பல வருடப் பழக்கம். நீ இல்லை என்பது கைக்கு எப்படித் தெரியும்?

"டேய், மேல வாடா. போயிடுச்சு. சீக்கிரம் வா, திரும்பி வந்துடப் போவுது" என்பாய். தெருவே கரண்டைத் திட்டிக்கொண்டிருக்கும்போது நீ ஒருவன்தான் கல்யாண வீட்டுக்காரன் மாதிரி நட்சத்திரம் பார்க்க மொட்டை மாடிக்குக் கூப்பிடுவாய். நம் ஊரில் எல்லோரும் பௌர்ணமிக்குக் காத்திருப்பார்கள். லாட்ஜ்காரர், ஆட்டோக்காரர், இளநீர்க்காரர், நான் உட்பட. நீ அமாவாசைக்குக் காத்திருந்தாய். "நிலா வந்துச்சுன்னா வேற ஒண்ணும் தெரியாதுடா. வானம் பூரா தன்னோடதுன்னு நெனப்பு அதுக்கு" என்று குறைப்பட்டுக்கொள்வாய். மலை சுற்ற வந்த கூட்டம் கீழே நிலாவைக் கும்பிட்டுக்கொண்டு போகும். மேலே நின்று அதைத் திட்டிக்கொண்டிருப்பாய்.

பகலெல்லாம் கீழ்பென்னாத்தூர் உரக்கடையில் யூரியாவும் வேர்க்கடலை விதையும் விற்றுவிட்டு, மாலை பஸ்ஸில் வந்து இறங்கி, சட்டையில் உர வாசனையோடு என் கடை மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் உட்காருவாய். இரண்டு விரலால் தட்டித் தட்டி பிளாக் எழுதுவாய். அதில் உன் சொந்தப் பெயர் கிடையாது. ஒரு புனைபெயர், முகத்துக்குப் பதில் சனிக் கிரகத்தின் படம். ஒருநாள் வருமானச் சான்று பிரிண்ட் எடுக்க வந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, யாவாரம் பண்ற எடத்துல சனி படத்த வெச்சினு இருக்கீங்களே, ஆவுமா?" என்று கேட்டார். நீ திரும்பி, ரொம்ப மரியாதையாக, "அது பாட்டுக்கு சுத்தினு இருக்குதும்மா. அதுக்கு நம்மளத் தெரியவே தெரியாது" என்றாய். அந்த அம்மா நம்பவில்லை. நானும் அன்று முழுக்கக் கல்லாவைக் கொஞ்சம் பயத்தோடுதான் திறந்தேன்.

எதைத்தான் நீ எழுதவில்லை! புளூட்டோவைக் கிரகம் இல்லை என்று தள்ளியது ரேஷன் கார்டில் பெயரை அடித்த மாதிரி, அதனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று ஒரு பதிவு. பணக்காரர்கள் விண்வெளிக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் இறங்கி வந்து, மனிதர்கள் எல்லோரும் ஒன்று என்று கண்கலங்குகிறார்களே, காலை எட்டரை டவுன் பஸ்ஸில் ஏறினாலே அது தெரியுமே என்று ஒரு பதிவு. காலையில் ரோஜாப்பூ போட்டு வணக்கம் அனுப்புகிறவர்களைக் கிண்டல் செய்யாதீர்கள், அவர்கள் உயிரோடு இருப்பதைத்தான் சொல்லி அனுப்புகிறார்கள் என்று ஒரு பதிவு. உன்னைக் கண்டபடி திட்டிக் கருத்துப் போடுகிறவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தாய்: "சாப்பிட்டீங்களா?" எனக்கு எரிச்சலாக வரும். "நாலு வார்த்த நல்லா கேளுடா" என்பேன். "பசியிலதான்டா பாதிப் பேரு சண்ட போடறான்" என்பாய். அப்படித் திட்டிய ஆட்களில் சிலர் பிறகு தினமும் வந்து உன்னோடு அரட்டை அடித்ததை நானே பார்த்தேன். கடுப்பாகத்தான் இருந்தது, ஆனால் நீ சொன்னது சரி.

நம் நாட்டுக் கலம் நிலாவில் இறங்கிய சாயங்காலம் என் கடையில் ஒரு வியாபாரமும் நடக்கவிடவில்லை. திரையை எல்லோர் பக்கமும் திருப்பி வைத்துவிட்டாய். ஆதார் நகல் எடுக்க வந்தவர்கள், "எங்களுக்கு பஸ்ஸு போயிடும்" என்று சத்தம் போட்டவர்கள், கடைசி நிமிடத்தில் மூச்சுவிடாமல் நின்றார்கள். இறங்கியதும் நீ அழுதாய். நிலாவைத் திட்டுகிற ஆள் இப்படி அழுகிறாயே என்று கேட்டேன். "நம்ம வீட்டுப் புள்ள போயிருக்குதுல்ல" என்றாய்.

விண்வெளி போக மீதி நேரமெல்லாம் உனக்கு ஏதாவது ஒரு கோரிக்கை இருக்கும். ஏரியில் குப்பை, தெருநாய்க்குத் தண்ணீர், இப்படி. கடைசியாகப் பிடித்துக்கொண்டது ஆம்புலன்ஸ். ஒரு பௌர்ணமியன்று அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலக் கூட்டத்துக்குள் ஓர் ஆம்புலன்ஸ் நகர முடியாமல் நின்றதைப் பார்த்துவிட்டு வந்தாய். அன்று உன் முகமே சரியில்லை. "சாமி சுத்தறவங்க கெட்டவங்க இல்லடா. முன்னாடி பாத்துனே போறாங்க, பின்னாடி சத்தம் கேக்கல, அவ்ளோதான்" என்றாய். அடுத்த பௌர்ணமி மாலை ஐந்து மணிக்கு அடி அண்ணாமலையில் நிற்பேன், நீலச் சட்டை போட்டிருப்பேன், ஒரு பக்கம் கயிறு பிடித்து வழிவிட யார் வந்தாலும் சரி என்று எழுதினாய். அத்தனை வருடத்தில் வாசகர்களுக்கு முகம் காட்டுவதாக நீ சொன்னது அது ஒரு தடவைதான். வேலூர், விழுப்புரத்திலிருந்தெல்லாம் வருகிறோம் என்று பதில் போட்டார்கள். நீ அதை உன் மனைவி செல்விக்கும் எனக்கும் மாற்றி மாற்றிப் படித்துக்காட்டினாய்.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு உரக்கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். கேஸ் என்று சொல்லி சோடா வாங்கிக் குடித்தாயாம். ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்வதற்குள் டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். பௌர்ணமிக்கென்று இஸ்திரி போட்டு வைத்திருந்த நீலச் சட்டையைத்தான் செல்வி உனக்குப் போட்டு அனுப்பினாள். மறுநாள் எடுத்தோம். அதற்கு மறுநாள், பௌர்ணமியன்று காலையில், பால் தெளித்தோம். பிளாக் என்று ஒன்று இருப்பதே அந்த நாட்களில் என் நினைவில் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து கடையைத் திறந்த அன்றுதான் மூலையிலிருந்த கம்ப்யூட்டரைப் போட்டேன். நீ மூடாமல் விட்டிருந்த உன் பக்கம் அப்படியே திறந்தது, கீழே பௌர்ணமியன்று வந்த கருத்துகள். "சார், வந்துட்டோம், எங்க இருக்கீங்க?" "நீலச் சட்டை போட்ட மூணு பேர்கிட்ட கேட்டுட்டேன். மூணு பேரும் நீங்க இல்லையாம்." "கயிறு இல்லாம கையைக் கோத்துக்கிட்டு நிக்கிறோம், சீக்கிரம் வாங்க." நாங்கள் உன் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மாலையில், ஊர் பேர் தெரியாத மனிதர்கள் உன்னை ஒவ்வொரு முகமாகத் தேடியிருக்கிறார்கள்.

விவரத்தை எழுதிவிடலாமா என்று செல்வியிடம் கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டாள். நீ இருந்தவரை ஒரு வரி படிக்காதவள், இப்போது தினமும் சமையல் முடித்துவிட்டு உன் பிளாக்கை முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். "வீட்ல இல்ல, கடைல இல்ல, இதுல மட்டும்தாண்ணா இருக்காரு. இங்க அவரு போனது யாருக்கும் தெரியாதுல்ல? ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு படிச்சா இன்னும் நாலஞ்சு வருஷத்துக்குப் பேசுவாரு. விட்டுடுங்க" என்றாள். நான் விட்டுவிட்டேன். 'எங்கே சார் போனீங்க' என்று வாசகர்கள் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

சில மாதங்கள் அப்படியே போயின. ஒருநாள் காலை, ஷட்டரை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே செல்வி வந்து நின்றாள். நீ போன பிறகு கடைப் பக்கமே வராதவள். போனை என் முன்னால் நீட்டி, "இத படிங்கண்ணா" என்றாள். அன்று வேலூரிலிருந்து வந்திருந்த வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "வரச் சொல்லிட்டு ஆளு எஸ்கேப். வேலைய விட்டுட்டு பஸ் ஏறி வந்தோம். வீரமெல்லாம் கீபோர்டுலதான்." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

"ஒரு எடத்துக்கு வரேன்னு சொல்லிட்டு அவரு என்னிக்காவது வராம இருந்திருக்காராண்ணா?"

"இல்லம்மா."

"அப்ப எழுதிடுங்க."

"என்னான்னு?"

"செத்துட்டாருன்னு எழுதுங்க."

அவளை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. 'இயற்கை எய்தினார்' என்று ஆரம்பித்தேன். பின்னால் நின்று பார்த்தவள், "அது போஸ்டர்ல போடறது. செத்துட்டாருன்னே போடுங்க. அதனாலதான் வரல, இல்லன்னா எல்லாருக்கும் முன்னாடி வந்து நின்னிருப்பாருன்னு போடுங்க" என்றாள். அவள் சொன்னதை அப்படியே அடித்தேன். வெளியிட வேண்டியதுதான் பாக்கி. எனக்குக் கை வரவில்லை. "நீயே அமுக்கிடுறியாம்மா?" என்று கேட்டேன். "என்னால முடியாதுண்ணா" என்றாள். நான்தான் அமுக்கினேன்.

"இப்ப அந்த வேலூர்க்காரருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"பாத்திருப்பாரும்மா."

சரி என்று தலையாட்டிவிட்டு, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வேலூர்க்காரர் அன்று மாலையே மன்னிப்புக் கேட்டு எழுதினார். அவருக்குக் கீழே எத்தனையோ பேர் எழுதினார்கள். உன்னை நேரில் பார்க்காதவர்கள் சொந்த அண்ணன் போன மாதிரி எழுதியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அழாத நான் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

நீ சொல் தவறியவன் இல்லை என்று ஆயிற்று. அதில் எனக்கு நிம்மதிதான். ஆனால் அன்றிலிருந்து செல்வி உன் பிளாக்கைத் திறப்பதில்லை. "எங்க விட்டியோ அங்கேர்ந்து படிம்மா" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அங்கயும் எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சேண்ணா" என்றாள். அவளிடம் மிச்சமிருந்த உன்னையும் எடுத்துவிட்டது என் விரல்தான்டா.