பூச்சு வாசம்

உ

நமுனுகுல
14.06.2003

என் ஆசை மகள் சுலோஜனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். சுகம் கேட்டு எழுதக் கை வரவில்லை. ஹாலிஎல மாமா கடைப் போனில் நீ வேலை செய்கிற வீட்டு மேடத்திடம் பேசினாராம். தங்கச்சி போய்விட்டாள் என்று மட்டும்தான் சொல்ல முடிந்ததாம். எப்படி என்று நீ தவித்துக்கொண்டிருப்பாய். அதற்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, மதுஷா வாசல்படியில் உட்கார்ந்து நகம் பூசினாள். குவைத்திலிருந்து ஊருக்கு வந்த றஷீனாவிடம் நீ கொடுத்தனுப்பிய குட்டிப் பூச்சுப் போத்தல்கள்தான். விளக்குமாற்று ஈர்க்கைக் கூராகச் சீவி, பச்சையில் தொட்டு, ஒவ்வொரு நகத்திலும் சீப்புப் பல் மாதிரி இரண்டு பக்கமும் விரிகிற பன்னம் இலை வரைந்தாள். கட்டைவிரலில் மட்டும் தேயிலைப் பூ. வெள்ளை இதழ், நடுவே மஞ்சள் பொட்டு. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த நகம் வெளியே தெரியக் கூடாது என்பாள், அது உனக்கே தெரியும்.

மறுநாள் மலையில் சின்னராசா கங்காணி அதைப் பார்த்துவிட்டார். "என்னா மதுஷா, கொழுந்து பறிக்க வந்தியா, கல்யாணத்துக்கு வந்தியா?" என்றார். "கல்யாணம்னா ஒங்களயும் கூப்பிட்டிருப்பேன்ல, கங்காணி" என்றாள். எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடிக்கவில்லை, சவுக்கு மரத்திலிருந்து குளவி இறங்கியது. கூடையைப் போட்டுவிட்டு ஓடினோம். இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த படங்குச் சீலை காலில் சிக்கி அவள் விழுந்தாள். நான் திரும்பிப் போவதற்குள் அவள் மேலே கறுப்பாக மொய்த்துவிட்டது. லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே முடிந்துவிட்டது.

குளிப்பாட்டும்போது முகம் வீங்கி, அவள் முகமாகவே இல்லை. நகம் மட்டும்தான் அவளுடையதாக இருந்தது. பக்கத்துக் காம்பரா வீட்டு ஜெயலெட்சுமி அதைச் சுரண்டிவிடச் சொன்னாள். நான் விடவில்லை. "அந்தப் பூச்சு வாசத்துக்குத்தான் குளவி வந்துச்சு. இன்னும் எதுக்கு வச்சிருக்கீங்க?" என்றாள். லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் பேசுகிறார்கள். நீ காதில் போட்டுக்கொள்ளாதே.

போத்தல்களை இறுக்கி மூடித் தகரப்பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ஆனாலும் வீட்டில் அந்த வாசம் இருக்கிறது. அப்பா தனக்கு ஒன்றும் வரவில்லை என்கிறார்.

உன் அம்மா
பாக்கியலெட்சுமி


குவைத்
03.07.2003

என் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. காதில் போட்டுக்கொள்ளாதே என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதாமலே விட்டிருக்கலாம் அம்மா.

மேடத்தின் மகள் குப்பையில் போடச் சொல்லிக் கொடுத்த போத்தல்கள் அவை. பாதிக்கு மேல் இருந்தது. 'பச்ச இல்லாம பன்னம் எப்புடி வரையிறது அக்கா' என்று தங்கச்சி எழுதியிருந்தாள். பச்சையைத் தேடி எடுத்தது நான். துணியில் சுற்றியது நான். றஷீனாவிடம் கொடுத்ததும் நான்.

இந்த வீட்டுப் பிள்ளை நகம் பூச உட்கார்ந்தால் நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். சோற்றில் கை வைத்தால் கை நாறுகிறது. இறங்க மாட்டேன் என்கிறது. இப்படியே பட்டினி கிடந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்கிறார் மேடம். அனுப்பினால் நான் எந்த முகத்தோடு அந்த லயத்துக்கு வருவது?

ஒன்றே ஒன்று சொல்லுங்கள். என்னாலா அம்மா? நீங்கள்தான் பக்கத்தில் நின்றீர்கள். உங்களுக்குத்தான் தெரியும்.

சுலோஜனா


நமுனுகுல
22.07.2003

அன்பு மகளுக்கு,

உன்னால் இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். அம்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்பாய். உண்மையில் எனக்கும் தெரியவில்லை. தெரியாததை எப்படி எழுதுவேன்?

கங்காணியிடம் கேட்டேன். "பருந்து கூட்டுல மோதியிருக்கும், இல்ல காத்து அடிச்சிருக்கும். குளவி யாருகிட்ட சொல்லிட்டு வருது?" என்றார். ஜெயலெட்சுமியிடம் கேட்டேன். "எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன்" என்றாள்.

நான் மறுபடி காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். எனக்குப் பக்கத்தில் அவள் நிற்கிற நிரையில் இன்னும் வேறு யாரையும் விடவில்லை. ஆனாலும் அங்கே கொழுந்து ஒடிகிற சத்தம் கேட்கிறது. அவள் வேகம் எனக்குத் தெரியாதா? செடிக்குள்ளே பச்சை நகம் மின்னுகிற மாதிரி இருக்கும். குனிந்து பார்த்தால் இலைதான். எனக்குப் பயமாக இல்லை. அந்தச் சத்தம் ஒரு நாள் நின்றுவிடுமோ என்றுதான் பயம்.

கூடு இன்னும் அந்தச் சவுக்கில்தான் இருக்கிறது. அந்த மரத்துப் பக்கம் இப்போது யாரையும் வேலைக்கு விடுவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே போத்தலை எடுத்து, அவள் பூசிய மாதிரியே பூசிக்கொண்டு, அந்த மரத்தடிக்குப் போகப்போகிறேன். வாசத்துக்குத்தான் வருமென்றால் எனக்கும் வரட்டும். வராவிட்டால் உனக்கு எழுதுகிறேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வீட்டைப் பூட்டிவிடுவார்.

அம்மா


குவைத்
07.08.2003

அம்மா,

இது உங்கள் கைக்கு வரும்போது அந்த ஞாயிறு போய்விட்டிருக்கும். தெரிந்துதான் எழுதுகிறேன். போகாதீர்கள்.

போனைத் தொட விடுங்கள் என்று மேடத்தின் காலில் விழுந்தேன். ஒரு தடவை விட்டார். ஹாலிஎல மாமா கடையில் யாரும் எடுக்கவில்லை.

நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. குற்றம் என் மேலேயே இருக்கட்டும், நான் சுமந்துகொள்கிறேன். நீங்கள் இருந்தால் போதும். இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அப்பாவாவது எழுதட்டும்.

சுலோஜனா


நமுனுகுல
24.08.2003

மகளே,

இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். காலையில் அப்பா கடைக்குப் போனதும் உட்கார்ந்து பூசினேன். இடது கைக்கு முதலில் பூசினேன். பன்னம் புழு மாதிரி வந்தது. தேயிலைப் பூ பொரித்த முட்டை மாதிரி வந்தது. மதுஷா பார்த்திருந்தால், "அம்மா, நீங்க அடுப்படியிலயே இருங்க" என்றிருப்பாள். பிறகு வலது கைக்கு இடது கையால் பூச வேண்டும். ஈர்க்கைப் பிடித்தால் விரல் நடுங்கியது. அப்புறம் நடுக்கம் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று கேட்காதே. வலது கையில் வந்தது அவள் வரைகிற பன்னம். ஒரு கோணல் இல்லை. அதையே பார்த்துக்கொண்டு மலை ஏறினேன்.

மரத்தடியில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். வெயிலுக்கு வாசம் நன்றாகவே அடித்தது. ஒரு குளவி இறங்கி வந்தது. கட்டைவிரல் பூவில் உட்கார்ந்தது. நகத்தின் மேலே கொஞ்சம் நடந்தது. பறந்துபோய்விட்டது. வேறு ஒன்றும் வரவில்லை.

உன்னிடம் மறைக்க மாட்டேன். உனக்காகப் போகிறேன் என்றுதான் எழுதினேன். அங்கே நின்றபோது உன் நினைவே எனக்கு இல்லை. கொட்டட்டும் என்றுதான் நின்றேன். "வாங்க, வாங்க" என்று கூப்பிடக்கூடச் செய்தேன். வெயில் சாயும் மட்டும் நின்றும் வரவில்லை. மதுஷா என்னைக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன் என்கிறாளே என்று செடிக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து எழும்பும்போதுதான் உன் நினைவு வந்தது. அத்தனை வாசத்துக்கும் எனக்குக் கொட்டவில்லை. அப்படியென்றால் உன் மேலே குற்றம் இல்லை.

எழுதாமல் இருந்தது அந்த வெட்கத்தால்தான். இன்னொரு பிள்ளை இருக்கிறதை மறந்துபோனேனே என்ற வெட்கம்.

இறங்கி வந்து ஜெயலெட்சுமியிடம் கையைக் காட்டினேன். "அங்கயா போனீங்க? ஒங்களுக்கு என்னா பைத்தியமா?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. இப்போது லயத்தில் அந்தப் பேச்சு இல்லை. வேலை முடிந்து நீ வரும்போது யார் முகத்தையும் நேராகப் பார்க்கலாம்.

கொட்டவில்லையே என்று நான் அழுதேன். கொட்டவில்லை என்று நினைத்து நீ சோறு சாப்பிடு.

அம்மா