கேட் வரைக்கும்

பிரிண்டரிலிருந்து எடுத்த கடிதம் இன்னும் சூடாக இருக்கிறது, மேடம். மேலே அப்பாவின் பெயர். கீழே, கையெழுத்துப் போடும் இடத்தில், மனிதவளத் துறைக்காக என் பெயர்.

நீங்கள் இறந்து நான்கு மாதமாகிறது. உங்கள் இடத்துக்கு யாரும் வரவில்லை. வேலையை விட்டு நிறுத்த வேண்டியவர்களின் பட்டியல் தலைமை அலுவலகத்திலிருந்து மெயிலில் வருகிறது. இங்கே எண்ணூர் கிளையில் கடிதத்தைக் கையில் கொடுக்க நான் ஒருத்திதான்.

டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து பொது மேலாளர் வரை வந்தவர் நீங்கள். வேலையை விட்டு நிறுத்தும் கடிதத்தை ஒருநாளும் உட்கார்ந்துகொண்டு கொடுத்ததில்லை. எழுந்து கொடுப்பீர்கள், பிறகு அந்த ஆளோடு கேட் வரைக்கும் நடப்பீர்கள். அதனாலேயே நீங்கள் சும்மா கேன்டீனுக்குப் போனாலும் பக்கத்தில் யாரும் வரமாட்டார்கள். "மேடம் கூட நடக்காத மாமு, அப்டியே கேட்டாண்ட உட்டுட்டு வந்துரும்" என்று லோடிங் ஆட்கள் சிரிப்பார்கள். அதே லோடிங்கில் வேலை பார்க்கும் அப்பாவும் அவர்களோடு நின்று சிரித்திருக்கிறார். உங்கள் காதில் விழுந்ததோ என்று நான் பயந்தபோது, "விழுந்துச்சு. சரியாத்தானே சொல்றாங்க" என்றீர்கள்.

ஒருநாள் துணிந்து கேட்டேன், எதற்கு நடக்கிறீர்கள் என்று.

"தனியா அனுப்பினா திரும்பித் திரும்பிப் பாப்பாங்க. என்னால தாங்க முடியாதும்மா. எனக்காகத்தான் நடக்கிறேன்."

வேறு கம்பெனிக்குப் போகலாமே என்றேன். "அங்கயும் இதுக்குத்தான் கூப்பிடுவாங்க."

நேற்று தலைமை அலுவலகத்துக்கு போன் செய்து, அது என் அப்பா என்று சொன்னேன். "அப்படியா? இங்கேருந்து வேற யாரையாவது அனுப்பிக் கொடுக்கச் சொல்றோம்" என்றார்கள். கடிதம் மாறாது, கொடுக்கும் கைதான் மாறும். நானே கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வேலையை விட்டுவிடவும் முடியாது. வீட்டில் முதல் பட்டதாரி நான். நாளையிலிருந்து என் சம்பளம் ஒன்றுதான்.

இன்று காலை எம்.கே.பி. நகரில் அப்பாவும் நானும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். திருவொற்றியூர் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் அசையாமல் நின்றுவிட்டது.

"இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாரி கீது? ஆபீசுல எவனாவது பேஜாரு பண்றானா?"

"இல்லப்பா."

"எவனா இருந்தாலும் சொல்லு. அப்பன் உள்ளதான் கீறேன்."

மூன்று மணிக்கு அவரை வரச் சொல்லியிருக்கிறேன். எழுந்து நின்று கொடுப்பேன். கேட் வரைக்கும் கூடவே நடப்பேன். அதெல்லாம் உங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்துவிட்டது. அங்கிருந்து தனியாகத் திரும்பி உள்ளே வருவீர்களே, அது உங்களால் எப்படி முடிந்தது என்று மட்டும் நான் கேட்டுக்கொள்ளவில்லை, மேடம்.