செங்கம்மாவின் தட்டு

திருப்பதி
12-3-1958

அன்புள்ள அக்கா ருக்மணிக்கு,

தாட்சாயணி வணக்கத்துடன் எழுதுவது. பஸ்ஸில் இடம் கிடைத்தது. தராசும் எடைக்கற்களும் பத்திரமாக ஆபீஸ் வந்து சேர்ந்தன. ஏழு நாளும் என்னைப் பொறுத்துக்கொண்டாய். மாமாவிடமும் நன்றி சொல். "நாங்க தமிழா தெலுங்கான்னு எழுதிக்கினு போயி எல்லைக் கமிட்டிக்குக் குடுக்கவா இந்தத் தராசு?" என்று முதல் நாள் அவர் கேட்டதில் தப்பில்லை. ஊரில் பாதிப் பேர் அதையேதான் கேட்டார்கள். பதின்மூன்று முதல் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள், தின்பண்டம் எங்கே இருக்கிறது, யார் பரிமாறுகிறார்கள், அவ்வளவுதான் எங்கள் வேலை.

அளக்கும்போது வீட்டாரிடம் எதுவும் சொல்லக்கூடாது என்பது விதி. அதனால் இப்போது சொல்கிறேன். உன் பிள்ளை கோவர்த்தனன் ஒரு நாளைக்குக் களியும் சோறுமாக முப்பத்தெட்டு அவுன்ஸ் சாப்பிடுகிறான். அவனைவிட இரண்டே வயது இளைய செங்கம்மா பதினாறு அவுன்ஸ். பால் அவனுக்கு ஆறு. அவளுக்கு ஒரு நாளும் இல்லை. வேர்க்கடலை டின் மாமாவின் அலமாரியில் இருக்கிறது. அவன் போகிறபோதும் வருகிறபோதும் அள்ளிக்கொள்கிறான். அவள் அந்தப் பக்கமே போவதில்லை. கேட்டால், "பசிக்கல சின்னம்மா" என்கிறாள். நீ அவளைக் கொஞ்சம் கவனித்துப் போடு.

அன்புத் தங்கை,
தாட்சாயணி


நகரி
20-3-1958

தங்கை தாட்சாயணிக்கு அக்கா ஆசீர்வதித்து எழுதுவது.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அவரிடம் காட்டவில்லை. பெற்ற பெண்ணை நான் பட்டினி போடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். "துன்னுடி" என்று நான் சொல்லாத நாள் இல்லை. அவளேதான் வேண்டாம் என்கிறாள். நாமும் நைனா, அண்ணன் எல்லோரும் கை கழுவிய பிறகுதானே உட்கார்ந்தோம்? நீ படித்து உத்தியோகத்துக்குப் போகவில்லையா?

சத்தியவேட்டிலிருந்து செங்கம்மாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அந்த வீட்டில் பெண்ணுக்குச் சோறு போடுவதில்லை என்று சர்க்கார் காகிதத்தில் இருப்பது அவர்கள் காதில் விழுந்தால் என்ன ஆவது? நம் வீட்டுத் தாளை மட்டும் கிழித்துப் போட்டுவிடு. அக்காவுக்காக இதுகூடச் செய்ய மாட்டாயா?

மாவடு போட்டு வைத்திருக்கிறேன். உனக்கு அனுப்புவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ருக்மணி


திருப்பதி
27-3-1958

அன்புள்ள அக்காவுக்கு,

தாளில் யார் பெயரும் இல்லை. வீட்டு எண் மட்டுமே. ஒரு வீட்டை எடுத்துவிட்டால் மற்ற இருபத்தொன்பது வீட்டுக் கணக்கும் பொய்யாகிவிடும். நான் கிழிக்கவில்லை. என்மேல் கோபித்துக்கொள்.

ஒன்றை மட்டும் நான் எழுதவில்லை. தாய்மாரின் சாப்பாடு எங்கள் கணக்கில் வராது. ஆனாலும் வியாழக்கிழமை மத்தியானம் நீ சட்டியை வழித்துத் தட்டில் போட்டுக்கொண்டாய். மாடு கத்துகிறதென்று கொல்லைக்குப் போனாய். அந்த நேரத்தில் உன் தட்டை எடுத்து நிறுத்தேன். தட்டின் எடை போக ஐந்து அவுன்ஸ். செங்கம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மாவுக்கும் பசிக்காது சின்னம்மா" என்றாள்.

அவள் உன்னைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறாள், அக்கா. அவளுக்குக் கவனித்துப் போடு என்று எழுதியது என் தவறு. நீ அவளோடு உட்கார்ந்து சாப்பிடு.

நாமும் அப்படித்தான் வளர்ந்தோம் என்கிறாய். உண்மைதான். ஹாஸ்டலில் சேர்ந்த பிறகுதான் வயிறு நிறைவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.

உன்
தாட்சாயணி


நகரி
9-6-1958

தாட்சாயணிக்கு,

உன் போன கடிதம் அவர் கையில் சிக்கிவிட்டது. "தட்ட எட்டிப் பாக்கறவ இந்த வூட்டு வாசல்ல கால் வெக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி போகும்போது இங்கே இறங்க நினைத்திருப்பாய். வராதே. கடிதமும் போடாதே. முடிந்தபோது நானே எழுதுகிறேன். எனக்கும் உன்மேல் கோபம் உண்டு. அந்தத் தட்டை நீ தொட்டிருக்கக் கூடாது.

சத்தியவேட்டுக்காரர்கள் வந்து போனார்கள். பெண்ணுக்கு உடம்பு தேற வேண்டும், இரண்டு வருஷம் போகட்டும் என்று நானே சொல்லிவிட்டேன்.

ஆண்கள் கழனியிலிருந்து வருவதற்கு முன்பே நானும் செங்கம்மாவும் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறோம். முதல் நாள் அவர் வந்து பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். செங்கம்மா பயந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை. இப்போது அவர் வந்தால் கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வருகிறார்.

நேற்று கீரைக் குழம்பு. "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்று கேட்டாள். பதினைந்து வருஷத்தில் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. ஊற்றினேன். எனக்கும் ஊற்றிக்கொண்டேன்.

ருக்மணி