மாமன் மடிக்குச் சொந்தமான காது

வடக்கனந்தல்
4.3.2024

மருமகள் தனுஷாவுக்கு,

கல்வராயன் மலையின் கடைசி முகட்டைத் தன் முகத்தில் சுமக்கும் தாய்மாமன் கொளஞ்சியப்பன் எழுதுவது.

உன் அம்மா அழுதுகினே வந்தாள். "டேய் கொளஞ்சி, அவ மூக்கு நுனிய ஆபரேசன் பண்ணி சின்னதாக்கப் போறாளாம். நீ வந்தாதான் படுப்பாளாம். இன்னாடா இது?" என்றாள்.

அடியே, இது சாதாரண மூக்கா? கரியாலூரில் மழை கிளம்பினால் முதல் துளி என் நுனியில் விழுந்த பிறகுதான் ஊருக்கு மழை. கோமுகி அணை எருமைகள் இதன் நிழலில்தான் படுக்கின்றன. எனக்குப் பிள்ளை இல்லை. என்னுடையது என்று உன்னிடம் வந்து சேர்ந்தது இந்த மூக்கு ஒன்றுதான். வர மாட்டேன்.

கோபத்துடன்,
மாமா

சென்னை
9.3.2024

அன்பு மாமாவுக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். எட்டாவது படிக்கும்போதிருந்து எந்தப் போட்டோவிலும் கையால் மூக்கை மறைத்துக்கொண்டுதான் நிற்கிறேன். உங்கள் பக்கத்தில் நின்றபோதும்தான். உங்களைப் பிடிக்காமல் இல்லை.

எலும்பைத் தொட மாட்டார்கள். மூக்குத் துவாரங்களுக்கு நடுவே சின்னக் கீறல். தோலைத் தூக்கினால் நுனியில் இரண்டு குருத்தெலும்புகள் வளைந்து நிற்குமாம். ஓரத்தைக் கொஞ்சம் சீவி, இரண்டையும் நூலால் சேர்த்துத் தைத்தால் நுனி குவியும். மறுபடி தொங்காமலிருக்க, காதிலிருந்து ஒரு துண்டு குருத்தெலும்பு எடுத்து முட்டுக் கொடுப்பார்கள்.

இருபத்தெட்டாம் தேதி. நீங்கள் இல்லாமல் படுக்க மாட்டேன்.

தனு

வடக்கனந்தல்
14.3.2024

தனுக்கண்ணு,

காதிலிருந்தா! வாழைக்கு முட்டுக் கொடுக்கிற எனக்கே தலை சுற்றுகிறது. காதை எடுத்து மூக்கைத் தூக்கி நிறுத்துகிற மனுசனும் இந்த உலகத்தில் சோறுதான் தின்கிறானா?

ஆனால் உன் டாக்டருக்கு ஒரு சட்டம் தெரியவில்லை. அந்தக் காது குத்தியது யார் மடியில்? நீ வீரிட்ட அலறலில் மலையிலிருந்த கரடியெல்லாம் சேலம் பக்கம் ஓடிப்போயிற்று. அந்தக் காதில் கத்தி பட வேண்டுமென்றால் மடி என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

புது வேட்டியோடு வருகிறேன்.

மாமா

சென்னை
12.4.2024

அன்பு மாமாவுக்கு,

"பெரியவரே, மடி வேணாம், உள்ளே டேபிள் இருக்குது" என்று நர்ஸ் சொன்னதை நினைத்து வார்டே இன்னும் சிரிக்கிறது. ஆனாலும் அறை வாசலில், நான் வெளியே வரும்வரை நீங்கள் சம்மணம் போட்டு மடியை விரித்தபடியே இருந்தீர்களாமே. அம்மா சொன்னாள்.

கட்டுப் பிரித்தாயிற்று. வீக்கம் முழுதாக வடிய ஒரு வருஷம் ஆகுமாம். கண்ணாடியில் பார்த்தபோது நுனியை மெதுவாகத் தொட்டேன். உங்கள் மடியில் அழுத காது, மாமா. இப்போது முகத்துக்கு நடுவில் இருக்கிறது.

நீங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று அம்மா எடுத்த போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கை இரண்டும் உங்கள் தோளில். உங்கள் மூக்கு முழுதாக அடங்கவில்லை. மிச்சத்துக்கு இன்னொரு போட்டோ எடுக்க வேண்டும். சீக்கிரம் வாருங்கள்.

தனு