காடையின் கழுத்தில் இருந்த குங்குமம்

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்
விஜயதசமி, காலை

அன்புள்ள அம்மிணி பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. நியூ ஜெர்சியில் நீயும் மாப்பிள்ளையும் வெண்பாக் குட்டியும் குளிருக்கு முன்னால் உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும். நானும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. உடம்பு சௌக்கியம்தான், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஆபரேஷன் செய்த கண் இரண்டும் பளிச்சென்று தெரிகிறது, டாக்டர் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார். மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. ஃபோனில் பேசினால் நீ அழுவாய், நான் பட்டென்று வைத்துவிடுவேன், அப்புறம் ஒரு வாரம் இரண்டு பேரும் பேசாமல் கிடப்போம். அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். முழுசாகப் படி. பாதியில் பத்ரிக்கு ஃபோன் போடாதே, அவனும் உன் கட்சிதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நேற்று ஆயுத பூஜை. அம்மா போன முதல் வருஷம் என்று சென்ற ஆண்டு ஒன்றும் செய்யவில்லை, இந்த வருஷம் விடக்கூடாது என்று காலையிலேயே குளித்துவிட்டு, மிக்ஸி, கார் சாவி, புல் வெட்டுகிற மெஷின், என் பழைய கால்குலேட்டர், எல்லாவற்றையும் ஹாலில் வரிசையாக வைத்தேன். கடைசியில் இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்து அதன் இடத்தில் படுக்க வைத்தேன். உனக்குத் தெரியாததா, ஆனாலும் எழுதுகிறேன், நீ மறந்துவிட்டாய் என்றுதான் தோன்றுகிறது. என் மேனேஜர் ரிட்டயர் ஆகும்போது அவருடைய தாத்தா காலத்துத் துப்பாக்கியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதை வீட்டுக்குள் கொண்டுவந்த அன்று அம்மா என்னோடு சாப்பிடவில்லை. பொம்பளப் புள்ள இருக்கற ஊட்டுல இது எதுக்குங்க என்று ஒரே பிடிவாதம். நான் சனிக்கிழமை ரேஞ்சில் மேலே பறக்கவிடுகிற களிமண் தட்டைக் குறிபார்த்துச் சுடத்தானே போகிறேன், ஒரு குருவியைக்கூடச் சுடமாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் விட்டாள். அந்த வருஷ ஆயுத பூஜைக்கு அவளே அதை எடுத்துவரச் சொன்னாள். இடது பக்க இரும்பில் ஒரு காடை செதுக்கியிருக்கும் பார், அதன் கழுத்தில் சந்தனம் வைத்துக் கட்டைவிரலால் குங்குமத்தை அழுத்தினாள், இனிமே நீ சாமி சொத்து, யாரையும் ஒண்ணும் பண்ணப்படாது என்று அதனிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் இருந்தவரை ஒரு வருஷம் தவறியதில்லை. வருஷா வருஷம் வைத்து, அந்தச் சின்னச் சின்ன கோடுகளுக்குள் எண்ணெயோடு குங்குமம் இறங்கி, எவ்வளவு துடைத்தாலும் போகாமல் சிவப்பாக நிற்கும்.

நேற்று அந்தக் காடையைப் பார்க்கிறேன், கழுத்து வெள்ளி மாதிரி பளபளவென்று இருக்கிறது. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. முதலில் யாரோ அழுத்தித் தேய்த்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பார்த்தால் இறகு இறகாக எல்லாக் கோடும் ஒரே ஆழம், ஒரே அகலம். கையால் செதுக்கியவன் ஒரு இடத்தில் அழுத்துவான், ஒரு இடத்தில் விடுவான், பழைய காடைக்கு ஒரு கண் கொஞ்சம் மேலே தூக்கி இருக்கும். இதில் மெஷின் வேலை. குழலுக்கு அடியில் இருக்கிற கட்டையைக் கழற்றினேன், உள்ளே பொடி எழுத்தில் துருக்கியில் செய்தது என்று போட்டிருக்கிறது. அம்மிணி, அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். நைவேத்தியச் சுண்டல் ஆறிப்போய்க் கிடந்தது.

உனக்கு ஃபோன் போட்டேன், வெண்பா எடுத்தாள். துப்பாக்கி என்று வாயைத் திறந்ததும், தாத்தா அது சீக்ரெட், மம்மி சொல்லக் கூடாதுன்னு சொன்னா என்று இங்கிலீஷும் தமிழுமாகச் சொல்லிவிட்டுக் குழந்தை ஃபோனை வைத்துவிட்டாள். எட்டு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை! சனிக்கிழமை சனிக்கிழமை என்னை ரேஞ்சுக்குக் கூட்டிப்போகிறவன் ஆயிற்றே என்று பத்ரியைக் கூப்பிட்டேன். அரை மணி நேரம் மழுப்பிவிட்டுக் கடைசியில் கக்கினான். மார்ச்சில் நீ வந்தபோது சர்வீஸுக்குக் கொடுக்கிறேன் என்று எடுத்துப்போனாயே, அப்போதே அதே மாதிரி புதுசு ஒன்றை அவன் பேரில் வாங்கி, பழசை அந்தத் துப்பாக்கி ரிப்பேர்க்காரரிடமே தள்ளிவிட்டீர்கள். அப்போது எனக்குக் கண் மங்கல், தூரத்தில் பறக்கிற தட்டு தெரியும், கையில் இருப்பது தெரியாது. அந்தத் தைரியம் உங்களுக்கு. சுட்டு முடித்ததும் விரல் வலிக்குமே சார், நான் தொடச்சு வெக்கறேன் விடுங்கோ என்று அவன் பெட்டியைப் பிடுங்கிக்கொள்வான், தங்கமான பையன் என்று நான் கோயிலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் கோபம் எது என்று உனக்குப் புரிய வேண்டும். பழசு கையில் எடுத்தால் பூப்போல எழும்பும், தோளுக்குத் தானாக வந்து உட்காரும். புதுசு கனம், முன்பக்கம் தொங்கும். ஆறு மாசமாக நான் துப்பாக்கியைச் சந்தேகப்படவில்லை, என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். வயசாகிவிட்டது கோபாலசாமி, உன்னால் தூக்க முடியவில்லை என்று காலையில் தண்ணீர் பாட்டிலைத் தூக்கித் தூக்கிப் பயிற்சி செய்தேன். உன்னிடம் சொன்னேனே, ஆமாப்பா, எக்சர்சைஸ் பண்ணுங்க என்றாயே! எப்படியம்மா மனசு வந்தது? இன்னொரு கூத்து, கனமான துப்பாக்கி தோளில் அவ்வளவாக உதைக்காது, அதனால் குறியும் நன்றாக விழுந்தது. பார்த்தீங்களா, பழசு பழசுதான், இப்ப எவன் இப்படிச் செய்யறான் என்று ரேஞ்சில் நாலு பேர் நடுவில் அந்தத் துருக்கிக்காரனைக் கையில் வைத்துக்கொண்டு பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இப்போது நினைத்தால் முகம் எரிகிறது.

ரிப்பேர்க்காரரிடமும் பேசினேன். மரியாதையான மனிதர். வலது குழல் உள்ளே அரித்து ஒரு இடத்தில் பேப்பர் மாதிரி ஆகிவிட்டது, இப்போது கடையில் கிடைக்கிற தோட்டாவின் வேகத்துக்கு அது என்றைக்கு வேண்டுமானாலும் வெடித்து இடது கையைக் கொண்டுபோயிருக்கும் என்றார். நீ அவர் கடையில் நின்று அழுதாய் என்றும் சொன்னார். சரி, அந்தக் குழல் ஆபத்து என்று நீ பிப்ரவரியிலேயே சொன்னாய், முப்பது வருஷமாக ஒன்றும் ஆகவில்லை, உன் வேலையைப் பார் என்று நான்தான் கத்தினேன். ஒத்துக்கொள்கிறேன். அதற்காக என்னோடு சண்டை போட்டிருக்கலாம், ஒளித்து வைத்திருக்கலாம், குழலில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருக்கலாம். கண் தெரியாதவன் கையில் வேறொன்றைக் கொடுத்து அதுதான் இது என்று சொல்லி, தேங்க்ஸ்டா கண்ணு என்று என் வாயாலேயே சொல்ல வைத்தாயே, அதுதான் தாங்கவில்லை. கண் ஆபரேஷன் செய்துகொள் என்று காலைப் பிடித்ததும் நீதான்.

ஹூஸ்டனில் ஒருவர் அதை வாங்கியிருக்கிறாராம், சுவரில் மாட்ட. இந்த மாதக் கடைசியில் முழுதாகப் பிரித்து, அழுக்கெல்லாம் எடுத்து, புதுசு போல் மெருகு போட இந்த ரிப்பேர்க்காரரிடமே கொண்டுவருவாராம். அழுக்கு என்று அவர் சொல்வது எது என்று உனக்குத் தெரியும். பழசை விற்ற ரசீது உன் பேரில் இருப்பதால் அவருடைய நம்பரை எனக்குத் தரமாட்டோம் என்கிறார்கள் கடையில், நீ கேட்டால் தருவார்கள். என்ன கேட்டாலும் கொடுத்துத் திரும்ப வாங்கு. அதில் இனி ஒரு தோட்டா போடமாட்டேன், அம்மா மேல் சத்தியம், நீயே குழலை அடைத்துக் கொண்டுவா.

பூஜையைப் பாதியில் விடவில்லை. புதுசுக்கும் பொட்டு வைத்தேன், அது என்ன தப்புச் செய்தது, ஆறு மாசம் என் கையைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் குங்குமம் நிற்கவில்லை அம்மிணி, காலையில் பார்த்தால் உதிர்ந்து துணியில் கிடக்கிறது.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். வெண்பாவைத் திட்டாதே, அவள் ஒருத்திதான் என்னிடம் உண்மையைச் சொன்னாள். காருக்குக் குளிர்கால டயர் மாற்று. கோபத்தோடு எழுதினாலும் ஆசீர்வாதம் குறையாது, மூன்று பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள். அந்த ஹூஸ்டன்காரரிடம் விலை பேசுவதற்கு முன்னால், பேரைக் கேட்பதற்கும் முன்னால், அதைத் துடைக்க வேண்டாம் என்று முதலில் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கோபாலசாமி