நாலு விசிலுக்குள் ஒரு ஷெல்ஃப்

நாளைக்கு மதுராந்தகம் போக வேண்டும் என்பதால் உன் ட்ரில் மெஷின் பெட்டியைத் திறந்தேன். மெஷினுக்கு முன்னால் உன் நைட்டிதான் வந்தது. சூரியகாந்திப் பூப் போட்ட அந்தப் பழைய நைட்டி. அதன் கைகள் இரண்டையும் மெஷினைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டிருந்தாய், காய்ச்சல்காரக் குழந்தையைப் பொத்துகிற மாதிரி. பிரித்ததும் தேங்காய் எண்ணெயும் சுவர்த் தூளும் கலந்த வாசனை. "உப்புக் காத்துடி. இரும்ப அம்மணமா வுட்டா துருவாப் பூடும்" என்று சொல்லி எண்ணெய் தடவுவாய். உன் தலைக்குத் தடவியதைவிட அந்த மெஷினுக்குத் தடவியதுதான் அதிகம் என்று உன் நாத்தனாரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த நாத்தனார் வீட்டுக்குத்தான் நாளை போகிறேன். ஆமாம், அதே நாத்தனார்தான். நீ நம்ப மாட்டாய் என்று தெரியும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள்.

நாம் திருப்போரூருக்குக் குடிவந்த கதையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. மனை காட்டுகிறேன் என்று இலவச வேனில் ஏற்றி, சாம்பார் சாதம் போட்டு இறக்கிவிட்டார்களே, அதில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தோம் என்பதற்காகப் பக்கத்துப் பக்கத்து மனையை வாங்கியவர்கள் நாம். வீடு கட்டியவர்கள் சுவரும் கூரையும் எழுப்பிவிட்டுப் போய்விட்டார்கள். சட்டை மாட்ட ஓர் ஆணி கிடையாது. ஆசாரி ஒருவர் மூன்று மாதமாக "தோ வந்துகினே கீறேன்மா" என்று போனில் வந்துகொண்டே இருந்தார். "முருகன் தேரே வருசத்துக்கு ஒரு தபா நகருதுடி. இந்தாளு நகர மாட்டேங்குறான்" என்று சொல்லிவிட்டுப் போனவள், அன்று சாயங்காலமே இந்த மெஷினோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாய்.

மெஷின் வந்துவிட்டது, நேரம் எங்கே? நான் செங்கல்பட்டு ஆபீசுக்கு ஏழரை பஸ். நீ அணுபுரத்தில் பள்ளிக்கூட லேபில் சோதனைக் குழாய் கழுவப் போவாய். உன் வீட்டுக்காரர், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், விடிவதற்குள் கம்பெனி வேனை எடுத்துக்கொண்டு ஓடுவார். என் வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட். அவர் எப்போது வீட்டில் இருக்கிறார் என்பது எனக்கே தெரியாது. மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை. அதிலும் கறி வாங்கி, கழுவி, மசாலா அரைத்துக் குக்கரில் ஏற்றிய பிறகு, அது வேகிற நேரம் மட்டும்தான் நமக்கு.

அங்கேதான் உன் மூளை வேலை செய்தது. வீட்டு வேலை எல்லாவற்றையும் விசில் கணக்கில் பிரித்தாய். துண்டு மாட்டுகிற கொக்கி ஒரு விசில். குழாய்க்கு வாஷர் மாற்றுவது ரெண்டு விசில். ஷெல்ஃப் மாட்டுவது நாலு விசில். "பெயிண்ட் அடிக்கிறதுலாம் எலும்பு சூப்பு வேலை. அத ஒரே நாள்ல செய்யக் கூடாது" என்று ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சுவராகப் பிரித்துக் கொடுத்தாய். ஒரு மாதம் எங்கள் ஹால் ஏதோ கட்சிக் கொடி மாதிரி இருந்தது. எந்தக் கட்சி என்று விசாரிக்கக்கூட இரண்டு பேர் வந்தார்கள்.

உன்னிடம் இருந்த ஒரே கோளாறு உன் உயரம். ஆறடிக்கு ரெண்டு விரல் குறைவு. நான் செருப்போடு சேர்த்தால் ஐந்தடி. மெஷினைப் பிடித்தவள் நீ என்பதால் இரண்டு வீட்டிலும் எல்லாம் உன் உயரத்துக்கே ஏறிவிட்டன. என் வீட்டுக் கண்ணாடியில் எனக்கு என் வகிடு மட்டும் தெரியும். நரையை எண்ண வசதி. வாசல் பக்கம் சாவிக் கொக்கியை மாட்டினாயே, தினமும் அதற்கு ஒரு குதி குதித்துவிட்டுத்தான் ஆபீஸ் போகிறேன். கேட்டால், "குதிடி, ஒடம்புக்கு நல்லது" என்பாய்.

அண்ணாவும் உன்னைவிட ஒரு சாண் குட்டை. கல்யாண ஆல்பத்தில் மாலை மாற்ற நீ குனிந்து நிற்பதைத் தெருவே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. (நான்தான் சொன்னேன். வேறு யார் சொல்வார்கள்?) உன் சமையலறை ஷெல்ஃபை நீ மாட்டிய அன்று அவர் அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "இவ்ளோ உசரத்துல மாட்டிக்கீறியே, நான் எப்டிடி எடுப்பேன்?"

"நீ இன்னாத்துக்கு எடுக்கணும்? எடுத்துக் குடுக்க நான் இல்ல?" என்றாய்.

அன்று மூன்று பேரும் சிரித்தோம்.

சில ஞாயிறுகளில் மெஷினை நீ என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவில் சாய்ந்து நிற்பாய். ஆனந்தம் உனக்கு, அவஸ்தை சுவருக்கு. நான் பென்சிலில் குறித்தது ஓரிடம், ட்ரில் பிட்டு இறங்கியது ஓரிடம். "தப்பாயிடுச்சா? வுடு. மேல எதையாச்சும் மாட்டிடு." எதை மாட்டுவது? ஊரில் தை பிறந்தால் மளிகைக் கடையிலிருந்து மருந்துக் கடை வரை எல்லோரும் கொடுப்பது முருகன் காலண்டர். ஒரு தப்பு ஓட்டைக்கு ஒரு முருகன். ஐந்தாவது ஓட்டையில் நீ பயந்தே போனாய். ஆறாவதில் கைதட்டினாய். "ஆறுபடை வூடும் வந்துச்சுடி! இனிமே நீ தப்புப் பண்ணக் கூடாது, சாமி ஸ்டாக் இல்ல." கந்தசஷ்டிக்கு வந்த என் பெரிய மாமியார் ஒவ்வொரு சுவராகப் பார்த்துக் கண் கலங்கி, "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பக்தியா!" என்று என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தபோது நீ சமையலறைக்குள் ஓடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாய். உன் வீட்டிலோ ஒரே ஒரு காலண்டர். "நம்ம கையி ரசமட்டம்டி. குமிழி நடுவுல நின்னாத்தான் நான் மூச்சே வுடுவேன்" என்று அதைக் காட்டிக் காட்டி என் மானத்தை வாங்குவாய்.

கார்த்திகையில் நீ போனாய். காய்ச்சல் என்று படுத்தவள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை, விட்டுவிடுகிறேன்.

பங்குனியில் ஒரு காலை, உன் வீட்டிலிருந்து தொம் என்று சத்தம். வேனுக்குக் கிளம்புமுன் டீ போட, பிளாஸ்டிக் முக்காலியில் ஏறி அந்த ஷெல்ஃபிலிருந்து டீத்தூள் டப்பாவை எடுத்திருக்கிறார் அண்ணா. முக்காலி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. டீத்தூள் வீடு முழுக்க.

மறுநாளே மதுராந்தகத்திலிருந்து உன் நாத்தனார் பையோடு வந்து இறங்கினார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்; தம்பி கையைப் பார்த்து அழுத அழுகை நிஜம். அழுது முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "பொம்பள இல்லாத வூடு ஓடாதுடா. பசங்களுக்கு டி.சி. வாங்கு. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள அல்லாரும் நம்ம வூட்டுக்கு வந்துடுங்க. இத்தப் பூட்டிடலாம்."

உன் பிள்ளைகள் இரண்டும் என்னைப் பார்த்தன. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டுத் தொங்கினால் அப்புறம் நான் விசிலை யாருக்காக எண்ணுவேன்?

"ஷெல்ஃப ஒரு ரெண்டடி எறக்கிட்டா அண்ணாவே எடுத்துப்பாருக்கா. அதுக்குப் போயி வூட்டையே பூட்டணுமா?" என்றேன்.

அண்ணா தலை நிமிராமல், "அது அவ மாட்டுனதும்மா. கைய வைக்காத" என்றார்.

அவ்வளவுதான். சித்திரை போனது. டி.சி.க்கு மனு எழுதி, மடித்து, டி.வி. மேலே வைத்துவிட்டார்கள். தினமும் நான் எட்டிப் பார்ப்பேன். மனு இருக்கும், முக்காலியும் ஷெல்ஃபுக்குக் கீழேயே இருக்கும். திங்கட்கிழமை மனுவைக் கொடுக்கப் போகிறார்கள் என்று ஒரு சனிக்கிழமை உன் சின்னவள் வந்து சொன்னாள்.

மறுநாள் காலை நான் செய்ததை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. கறியை மசாலாவோடு என் குக்கரில் போட்டு, குக்கரை இடுப்பில் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குள் நுழைந்து, யாரையும் கேட்காமல் உன் அடுப்பில் ஏற்றிவிட்டேன்.

"அண்ணா, நாலு விசில் குடுங்க. அதுக்குள்ள எறக்கி மாட்டறேன். முடியலன்னா நாளைக்கி நானே ஸ்கூலுக்கு வந்து டி.சி. வாங்கித் தரேன்."

சொன்ன பிறகுதான் நான் யார் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. ஆறு முருகன்காரி!

அண்ணா ஷெல்ஃபை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் முக்காலியை என் பக்கம் தள்ளினார். நான் ஏறினேன். டம்ளர், டப்பா, உன் ஊறுகாய் ஜாடி என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட நீட்ட, ஒற்றைக் கையால் வாங்கித் தரையில் அடுக்கினார். முதல் விசில் வந்தது. திருகாணிகளைக் கழற்றினேன். இரண்டாவது விசில். பலகையையும் அதன் பின்தட்டையும் சுவரிலிருந்து பிரித்தேன்.

பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

எண்ணிப் பார்த்தேன். இரண்டு தரம் எண்ணினேன். அந்தப் பின்தட்டுக்குப் பின்னால் ஒன்பது ஓட்டை! நல்ல ஓட்டை நாலு. மீதி ஐந்தும் தப்பு. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, நாய் கடித்த மாதிரி. இரண்டில் தீக்குச்சியை உடைத்துத் திணித்து, மற்றவற்றில் பற்பசை அப்பி, விரலால் வழித்து விட்டிருந்தாய். உன் கட்டைவிரல் ரேகைகூடத் தெரிந்தது.

"அண்ணா, இங்க வந்து பாருங்க."

கிட்டே வந்து பார்த்தார். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பற்பசையைச் சுரண்டி மோந்துகூடப் பார்த்தார். தோள் குலுங்கியது. எனக்குப் பகீர் என்றது, அழுகிறார் என்று. ஹாலிலிருந்து நாத்தனாரும் ஓடி வந்தார். "இன்னாடா? இன்னாடா ஆச்சு?"

"அக்கா... இவளும் தப்பா ஓட்டை போட்டுக்கீறாக்கா! அஞ்சு ஓட்டை! ரசமட்டம் ரசமட்டம்னு சொல்லிச் சொல்லி என் உயிர எடுத்தாளே, மூடி வெச்சிக்கினு கம்முனு இருந்துக்கீறா பாரு!"

சிரிக்கிறார். கார்த்திகைக்குப் பிறகு முதல் முறையாக. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிப்பு நிற்கவில்லை. பிள்ளைகள் ஓடி வந்து அவர்களும் எண்ணினார்கள். உன் நாத்தனார், "கள்ளி!" என்றார். அந்த வார்த்தையை அவர் அவ்வளவு ஆசையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. உன்மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! ஆறு முருகனை வைத்து எத்தனை வருடம் என்னைக் கிண்டலடித்தாய்? ஆனால் அந்தக் கோபத்தோடுகூட உடம்பில் ஏதோ லேசானது. ஐந்து தப்புப் பண்ணியவளே இவ்வளவு செய்தாளென்றால், ஆறு தப்புப் பண்ணியவளால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே செய்ய முடியும்.

அண்ணா சுவரோடு நின்று நல்ல கையைத் தூக்கினார். "இங்க போடு" என்றார். அவர் கை எட்டிய இடத்தில் அவரே கோடு போட்டார். நான் போட்டேன். மூன்று, நாலு, ஐந்து என்று விசில் வந்துகொண்டிருந்தது; அடுப்பை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒன்பதாவது விசிலில் ஷெல்ஃப் ஏறியது. கறி கரைந்து போய்க் குழம்பில் எலும்பு மட்டும் மிச்சம். ரசமட்டத்தில் குமிழி இடது பக்கம் போய் ஒண்டிக்கொண்டது.

"சாஞ்சி கீதே" என்றார் நாத்தனார்.

"இருக்கட்டும்கா" என்றார் அண்ணா.

நாத்தனாரும் குட்டை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. வந்த நாளிலிருந்து அவரும் அந்த முக்காலியில்தான் ஏறி இறங்கியிருக்கிறார். இப்போது நின்ற இடத்திலிருந்து கையை நீட்டி டீத்தூள் டப்பாவை எடுத்தார். ஒரு தரம் திரும்ப வைத்தார், மறுபடி எடுத்துப் பார்த்தார். அப்புறம் டீ போட்டு எல்லோருக்கும் கொடுத்தார். குடித்து முடித்ததும் டி.வி. மேலிருந்த மனுவை எடுத்து, ஷெல்ஃபின் சாய்ந்த முனையில் நின்ற ஊறுகாய் ஜாடிக்கு அடியில் அண்டக் கொடுக்க மடித்துச் செருகினார். ஊருக்குப் போகிற அன்று பஸ்ஸில் ஏறின பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எங்க வூட்டு செல்ஃபும் உசரமாத்தான் கீது. ஒரு ஞாயித்துக்கெழம அந்த மெஷின எடுத்துக்கினு வாயேன்" என்றார்.

அதற்குத்தான் நாளைய பயணம். நான் ஆறு முருகன்காரி, அவர் வீட்டுச் சுவருக்கு என்ன ஆனாலும் நான் பொறுப்பில்லை என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். அதற்கு அவர், "எங்க வூட்லயும் காலண்டர் கீதும்மா" என்றார்.

உன் பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறார்கள். அண்ணாவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது; காலையில் அவர் டீ ஆற்றுகிற சத்தம் சுவர் தாண்டிக் கேட்கிறது. உன் ஐந்து ஓட்டைகளை அடைத்துச் சுண்ணாம்பு அடிக்கலாமா என்று கேட்டேன். "வேணாம்மா, பார்த்தா சிரிப்பு வருது, இருக்கட்டும்" என்றார். மெஷினை மட்டும் நைட்டியோடு என் கையில் கொடுத்துவிட்டார். தெருவில் ஓட்டை வேண்டியவர்கள் இப்போது என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். பாவம்.

என் வீட்டிலும் ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றை இறக்கினேன். கண்ணாடியில் இப்போது முகம் முழுவதும் தெரிகிறது. அதனால் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. சாவிக் கொக்கியை மட்டும் தொடவில்லை. நாளைக்கும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு குதி குதித்துச் சாவியை எடுத்துக்கொண்டுதான் கிளம்புவேன்.