மண்டபத்தில் இருந்தவரை ‘வரவில்லை’ என்று எழுதியது குறித்து

அனுப்புநர்:
முன்னாள் பீரங்கிப் படைவீரர் ஒருவரின் மனைவி,
தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள்,
தண்ணீர்த் தொட்டித் தெரு, மாடி வீடு.

பெறுநர்:
நல அலுவலர் அவர்கள்,
முன்னாள் படைவீரர் நல அலுவலகம்.

பொருள்: காது கேட்கும் கருவிக்கு விண்ணப்பித்த என் கணவர், கூப்பிட்ட மூன்று முறையும் மண்டபத்தில் இருந்தும் ‘வரவில்லை’ என்று மூடப்பட்ட கோப்பைத் திறக்கக் கோருதல்.

மதிப்புக்கும் நன்றிக்கும் உரிய ஐயா,

நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் காரியம் ஆவதற்காகச் சொன்னது போலிருக்கும். என் கணவர் படையிலிருந்து வந்த நாள் முதல் தங்கள் அலுவலகம் எங்களுக்கு எந்தக் குறையும் வைத்ததில்லை. ஓய்வூதியம் தவறாமல் வருகிறது. மருத்துவ அட்டையை நீட்டினால் மருத்துவமனையில் உட்கார நாற்காலி போடுகிறார்கள். மகளின் படிப்புக்கு உதவித்தொகை கொடுத்தீர்கள். அவள் இன்று சொந்தமாக மருந்துக் கடை வைத்திருக்கிறாள். வயிறும் மனசும் நிறைந்த வீடு எங்களுடையது. இத்தனைக்குப் பிறகும் ஒரு புகார் இருக்கிறது.

1. பணிக்காலம் முழுவதும் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவர் என் கணவர். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது கதவை உடைத்தாலும் தெரியாது. அவரைப் போன்றவர்களுக்கு அரசே கருவி கொடுக்கிறது என்பதைத் தங்கள் எழுத்தர் சொல்லித்தான் அறிந்தோம். பணி விடுவிப்புச் சான்று, அடையாள அட்டை, காது மருத்துவரின் பரிந்துரை, புகைப்படம் ஆகியவற்றைக் கேட்டார், மறுநாளே கொடுத்தோம். மருத்துவக் குழுவும் சோதித்து, இரண்டு காதுக்கும் தரலாம் என்று எழுதியது. பாக்கி ஒன்றுதான். மாதம் ஒரு புதன்கிழமை தங்கள் மண்டபத்தில் பெயர் கூப்பிடும்போது எழுந்து போய்க் காதுக்கு அளவு கொடுக்க வேண்டும்.

2. காது கேட்காதவரைக் கூப்பிட்டுத்தான் காதுக் கருவி கொடுப்பது என்று யார் முடிவு செய்தார்களோ, அவர் நீடூழி வாழ்க. இதற்கு அடுத்து இன்னொரு வாக்கியமும் எழுதியிருந்தேன். என் கணவர் படித்துவிட்டு, அதிகாரிகளுக்கு எழுதும் முறை இதுவல்ல என்று அடிக்கச் சொன்னார். அடித்துவிட்டேன்.

3. அவர் மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போவார். சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து, பதக்கங்களைக் குத்திக்கொண்டு போவார். ஆனால் கடைசி வரிசையில் சன்னலோரம்தான் உட்காருவார். முன்வரிசை கால் இழந்தவர்களுக்கு என்று அவராகவே வைத்துக்கொண்ட சட்டம். குடும்பத்தாருக்கு உள்ளே அனுமதி இல்லாததால் நான் மாடிப்படிக்கு அடியில் காத்திருப்பேன். முதல் இரண்டு முறையும் வெளியே வந்து, “இன்னிக்கும் நம்ம முறை வரல. கூட்டம் ஜாஸ்தி, பாவம் அவங்கதான் என்ன பண்ணுவாங்க” என்றார். நானும் நம்பினேன்.

4. மூன்றாவது முறை மின்சாரம் போய், மண்டபத்துச் சன்னல்களைத் திறந்துவிட்டார்கள். அவர் பெயரைக் கூப்பிடுவது என் காதில் தெளிவாக விழுந்தது. ஓடினேன். காவலாளி குறுக்கே கையை நீட்டினார். அவர் கடமை அது. வாசலிலேயே நின்று, “என்னங்க, உங்களத்தான்!” என்று கத்தினேன். ஊரையே இணைத்த தொண்டை இது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், அவரைத் தவிர. அவர் சன்னல் வழியாக வேப்பமரத்தில் ஏறிய அணிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

5. அதற்குள் எழுத்தர் எழுதி முடித்துவிட்டார். மூன்று முறை எழுந்து வராதவருக்குக் கருவியில் விருப்பமில்லை என்று பொருளாம். “நான் எழுதிட்டேம்மா, இனி ஐயாதான் மாத்தணும்” என்று சொல்லி, மனு எழுத வெள்ளைத்தாளும் அவரே கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

6. கோபமெல்லாம் முன்வரிசையில் இருந்த படை ஓட்டுநர் மேல்தான். என் கணவரின் பழைய நண்பர். மூன்று முறையும் அவர் காதில் பெயர் விழுந்திருக்கிறது. ஏன் குரல் கொடுக்கவில்லை என்று கேட்டேன். படையில் பெயர் கூப்பிட்டால் அவரவர் வாயால்தான் ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டுமாம். ஒருவருக்காக இன்னொருவர் சொன்னால் தண்டனையாம். திரும்பியாவது பார்த்திருக்கலாமே என்றேன். பெயர் கூப்பிடும்போது வரிசையில் திரும்பக் கூடாதாம். இதை எழுதிக் காட்டியதும் என் கணவர், அவன் செய்ததுதான் சரி என்று நண்பருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது ஐயா?

7. ஆகவே தாங்கள் கோப்பைத் திறந்து அடுத்த புதன்கிழமைக்கு உத்தரவிட வேண்டுகிறேன். அன்று அவரைக் கூப்பிட வேண்டாம். கடைசி வரிசையைப் பார்த்துக் கையை உயர்த்தினால் போதும். பீரங்கிச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது; அவர்களுக்குக் கட்டளையெல்லாம் கையில்தான். எங்கள் வீட்டிலும் நான் அடுக்களை வாசலில் கையைத் தூக்கினால் சாப்பிட வந்துவிடுவார். ஒரு எச்சரிக்கை: தூக்கிய கையைச் சட்டென்று இறக்கிவிடாதீர்கள். அது சுடுவதற்கான உத்தரவு. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்துவிடுவார். என்னிடம் வேண்டுமென்றே செய்கிறார். தங்களிடம் பழக்கத்தில் செய்துவிடுவார்.

8. கருவி எதற்கு, கையே போதுமே என்று தாங்கள் கேட்கலாம். மணமான புதிதில் அவர் முகாமில் இருந்தார், நான் தொலைபேசி நிலையத்தில் இருந்தேன். எங்களுக்குள் முகத்தைவிடக் குரல்தான் பழக்கம். என் குரலை அவர் கேட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. கையைத் தூக்காமல், அடுக்களையில் முதுகைக் காட்டி நின்றபடியே, மெதுவாக ஒரு தடவை “என்னங்க” என்று கூப்பிட வேண்டும். கூடத்திலிருந்து “என்ன?” என்று அவர் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தங்கள் உத்தரவுக்கு மாடிப்படியடியில் காத்திருக்கும்,
படைவீரரின் மனைவி
(கையொப்பம்)

இடம்: எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை
நாள்: வியாழக்கிழமை

பின்குறிப்பு, கணவரின் கையெழுத்தில்:
மனுவைப் படித்தேன். அலுவலகத்தார் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. மூன்று புதன்கிழமைக்கும் சேர்த்து என் வாயால் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.
உள்ளேன் ஐயா.